வறண்ட மணற்றரையில் மரக்கறித் தோட்டம் அமைத்தல்



மன்னார் முதல் கற்பிட்டி வரை நீண்டு கிடக்கும் வடமேற்குக் கரையோரம் இலங்கையின் மிக வறண்ட பகுதிகளுள் ஒன்றாகும். இங்கு ஆண்டு முழுவதற்கும் கிடைக்கும் மழை 1,250 மில்லிமீற்றருக்குக் குறைவு. அதிலும் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள மாரியிலேயே பெய்து முடிந்து விடுகின்றது. மே முதல் செப்டெம்பர் வரை சோழகக் காற்று இடைவிடாது வீசி, மண்ணிலும் இலையிலும் உள்ள ஈரத்தைக் கவர்ந்து செல்கின்றது.

பாலைவனம் என நூல்கள் வகுக்கும் நிலங்களில் ஆண்டு மழை 250 மில்லிமீற்றருக்கும் குறைவு. அத்தகைய நிலம் நம் தீவில் இல்லை. ஆயினும், பழந்தமிழர் பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாது, வேனிலின் கொடுமையால் வறண்ட நிலத்தின் நிலையாகவே கொண்டனர். அவ்வாறு நோக்கின், ஆண்டில் ஐந்து மாதங்கள் நமது கரையோரமும் பாலையே.

இத்தகைய நிலத்தில் புதிதாகச் சிறு மரக்கறித் தோட்டம் தொடங்க எண்ணுவோர்க்காகவே இத்துண்டுப்பிரசுரம் எழுதப்படுகின்றது. தொடங்குவோர் பெரும்பாலும் முதலிற் கேட்கும் கேள்வி, “எத்தனை பரப்புக் காணி உண்டு?” என்பதாகும். இங்கு கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. “ஓகஸ்ட் மாதத்தில் என் கிணறு நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் நல்ல நீர் தரும்?” என்பதே கேள்வி. அதற்கு விடை காணும் வரை வேலி அடைக்கவும் வேண்டாம். கடன் எடுக்கவும் வேண்டாம்.

ஓர் அனுபவம்

விவசாயப் பாடசாலையிற் பயிற்சி முடித்து, போதனாசிரியராக நான் முதன்முதல் சென்ற இடம் ஒரு கரையோரக் கிராமம். அங்கு ஓர் இளங் குடும்பத்தினர் புதிதாகக் கிணறு கட்டி, தோட்டம் செய்ய ஆலோசனை கேட்டனர். நான் அக்கிணற்றைப் பார்த்தது சனவரி மாதம். பம்பி காலை முழுவதும் ஓடியும் நீர் இரண்டு சாண் மட்டுமே இறங்கிற்று. அதைக் கண்டு, எட்டுப் பரப்பில் மிளகாயும் வெங்காயமும் வைக்கலாம் என்று கூறினேன். பம்பிக்கும் குழாய்க்குமாக அவ்வீட்டுப் பெண்ணின் சங்கிலி அடகு வைக்கப்பட்டது.

ஏப்ரல் வரை பயிர் கண்ணுக்குக் குளிர்ச்சியாய் நின்றது. யூன் மாதத்தில் வெங்காயத்தின் தாள் நுனியிலிருந்து கருகத் தொடங்கிற்று. மிளகாய்ச் செடியின் பூக்கள் உதிர்ந்தன. நான் அதை நோயெனக் கருதி மருந்து தெளிக்கச் சொன்னேன். பயனில்லை. நீர் உவராகிவிட்டது என்பதை எனக்கு முதலிற் சொன்னவர் பக்கத்து வளவில் இருந்த முதியவர் ஒருவர். ஐந்து வீட்டார் குடிநீர் அள்ளிய அவருடைய கிணறும் அதே மாதத்தில் உவர்த்துப் போயிற்று. அவர் என்னைக் கடிந்து பேசவில்லை. “தம்பி, மாரியிலை கிணறு பொய் சொல்லும், சோழகத்திலைதான் மெய் சொல்லும்” என்று மட்டுமே கூறினார்.

அம்முதியவரின் கிணறு மீண்டும் குடிக்கத் தக்கதாவதற்கு இரண்டு மாரி சென்றது. அடகு வைத்த சங்கிலி மீட்க முடியாமலே போயிற்று. பிழை அக்குடும்பத்தினருடையதன்று, அளக்காமற் சொன்ன என்னுடையது. இன்று அவர்கள் இரண்டரைப் பரப்பிற் தோட்டம் செய்து நல்ல பயன் பெறுகின்றனர். அவர்கள் பட்ட நட்டம் பிறருக்கு நேராதிருத்தற் பொருட்டே இதை இங்கு கூறினேன்.

நிலத்தடி நன்னீரின் இயல்பு

கரையோர மணலின் கீழும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல்லின் கீழும் உள்ள நன்னீர், கடலிலிருந்து வந்த உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் இலேசானது, உவர்நீர் கனமானது. ஆகவே இரண்டும் எளிதிற் கலவாமல் ஒன்றன்மேல் ஒன்று தங்குகின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்திலும், 1901இல் வடகடற் தீவுகளை ஆராய்ந்த செருமானியரான ஹேர்ஸ்பேர்க் என்பவராலும் இதன் கணக்குக் காணப்பட்டது. கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி உயரத்திற்கு நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்திற்கு நன்னீர் இருக்கும்.

இக்கணக்கை மறுபுறமாகவும் சிந்தித்தல் வேண்டும். இடைவிடாத இறைப்பினால் நீர்மட்டம் ஓரடி தாழ்ந்து அப்படியே நிற்குமாயின், கீழிருக்கும் உவர்நீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலெழ இடமுண்டு. நீர் போதாதென்று கிணற்றை ஆழமாக்குவோர், நன்னீரைத் தேடிச் செல்லவில்லை. உவரை நோக்கியே செல்கின்றனர். கரையோர மணலில் கிணறு ஆழமாக இருத்தலிலும் அகலமாக இருத்தலே நன்று.

கிணற்றை அளக்கும் முறை

ஓகஸ்ட் அல்லது செப்டெம்பர் மாதத்தில், மழையின்றி இரண்டு மாதங்களேனும் கழிந்த பின்னர், பின்வருமாறு செய்க.

1. அதிகாலையில், எவரும் நீர் அள்ளுமுன், அடிக்கொரு முடிச்சிட்ட கயிற்றில் கல் கட்டி இறக்கி நீரின் ஆழத்தை அளக்க.

2. கிணற்றில் நிற்கும் நீரிற் பாதியை மட்டும் இறைக்க. முற்றாக வற்ற விடுதல் கூடாது.

3. மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் அளந்து, எத்தனை அடி ஊறியுள்ளது எனக் குறிக்க.

4. இதனைத் தொடர்ந்து மூன்று நாட்கள் செய்து, மிகக் குறைந்த அளவையே கணக்கிற் கொள்க.

5. இறைப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு போத்தல் நீர் எடுத்து வைத்து, உங்கள் பகுதிப் போதனாசிரியரிடம் கொடுத்து உப்பின் அளவைப் பார்க்க. முடிவில் எடுத்த நீரில் உப்பு மிகுந்திருந்தால், நீங்கள் இறைத்த அளவு அக்கிணற்றுக்கு மிகையானது என்று பொருள்.

பத்து அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓரடி உயர நீர் ஏறத்தாழ 2,200 லீற்றராகும். உதாரணமாக, ஆறடி நீர் நிற்கும் அத்தகைய கிணற்றில் மூன்றடி இறைத்து, மறுநாட் காலை அம்மூன்றடியும் ஊறியிருந்தால், அக்கிணறு நாளொன்றுக்கு 6,600 லீற்றர் தரும். வீட்டுத் தேவைக்கு 600 லீற்றரை முதலில் ஒதுக்குக. எஞ்சிய 6,000 லீற்றரே தோட்டத்திற்கு உரியது.

எத்தனை பரப்பு?

ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச், அதாவது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் நீர் நின்றால் அது ஒரு லீற்றராகும். சோழகக் காலத்தில் நிறைவளர்ச்சி பெற்ற மரக்கறிப் பயிர் நாளொன்றுக்கு 6 மில்லிமீற்றர் நீரைச் செலவிடும் எனக் கொண்டால், ஒரு பரப்பிற்கு வேண்டியது ஏறத்தாழ 1,500 லீற்றர்.

ஆனால், கிணற்றிலிருந்து புறப்படும் நீர் முழுவதும் வேரைச் சேர்வதில்லை. மணலில் வாய்க்கால் வழியே விடும்போது பாதி நீர் வழியிலும் வேருக்குக் கீழும் வடிந்து விடும். ஆகவே பரப்பொன்றுக்கு 3,000 லீற்றர் இறைக்க வேண்டும். சொட்டு நீர்ப்பாசனக் குழாய் மூலம் விடின் 1,700 லீற்றர் போதுமானது. மேற்கூறிய 6,000 லீற்றரைக் கொண்டு வாய்க்கால் முறையில் இரண்டு பரப்பும், சொட்டுக் குழாய் முறையில் மூன்றரைப் பரப்பும் செய்யலாம். அதற்கு மேல் ஒரு பாத்தியும் கூடாது.

வேனிலில் அளக்காமலே தொடங்க நேர்ந்தால், முதல் ஆண்டில் ஒரு பரப்புடன் நிறுத்திக் கொள்க. சிறிய தோட்டத்தை அடுத்த ஆண்டில் பெரிதாக்கலாம். உவர்த்த கிணற்றை அவ்வாறு திருத்திவிட இயலாது.

காற்றைத் தடுத்தல்

அடுத்த வேலை வேலி. காற்று ஒரு பங்கு குறைந்தால் செடியின் தாகமும் குறையும். மணல் பறந்து இளங் கன்றுகளை அறுப்பதும் நிற்கும். காற்றுத்தடை தன் உயரத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு தூரத்திற்குக் காவல் தரும். ஆறடி வேலி அறுபது அடி வரை காக்கும். சதுரமான ஒரு பரப்புக் காணியின் பக்கம் ஏறத்தாழ 52 அடி. ஆகவே, காற்று வரும் தென்மேற்குப் பக்கங்களில் ஆறடி வேலி இருந்தால் அப்பரப்பு முழுவதும் காவல் பெறும்.

வேலி சுவர் போல் நெருக்கமாக இருத்தல் கூடாது. நெருங்கிய வேலியின் மேலால் ஏறும் காற்று அப்பால் சுழன்று விழுந்து பயிரைச் சாய்க்கும். பாதி இடைவெளியுள்ள பனைமட்டை வேலியே சிறந்தது. அதன் வெளிப்புறமாகக் கிளிசறியா, பூவரசு ஆகியவற்றின் தடிகளை மாரி தொடங்கும்போது நட்டால் மூன்றாம் ஆண்டில் உயிர்வேலி கிடைக்கும்; அதன் தழையும் பசளையாகும். முருங்கை நடலாம், எனினும் பாத்திக்கு மிக அருகில் எம்மரமும் வேண்டாம். மரத்தின் வேர் உங்கள் நீரைப் பங்கு கேட்கும்.

மணலைப் பண்படுத்தல்

மணல் நீரை ஏற்கும், ஆனால் வைத்திருக்காது. ஓரடி ஆழ மணலில் செடி உறிஞ்சத்தக்க நீர் ஏறத்தாழ 20 மில்லிமீற்றரே. அதிற் பாதி குறைந்தவுடன் மரக்கறிப் பயிர் வாடத் தலைப்படும். நாளொன்றுக்கு 6 மில்லிமீற்றர் செலவாகும்போது, இரண்டு நாட்களுக்குள் அந்நிலை வந்துவிடும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை இறைத்துப் பழகியவர்கள் மணலில் அம்முறையைக் கைக்கொண்டால் நட்டமே அடைவர்.

மணலுக்கு ஈரம் தாங்கும் வலிமையைத் தருவது சேதனப் பசளை. பரப்பொன்றுக்கு 500 கிலோகிராம் நன்கு மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெருவை மேல் அரையடி மண்ணில் கலக்க வேண்டும். வெப்பம் மிகுந்த மணலில் எரு விரைவில் அழிந்து போவதால், ஒவ்வொரு போகத்திலும் இதைச் செய்தல் அவசியம். காணி தரிசாகக் கிடக்கும் காலத்தில் ஆட்டுப்பட்டி அடைத்தலும், யாழ்ப்பாணத்தார் நெடுங்காலமாகச் செய்து வருவது போலப் பனையோலையை வெட்டி மண்ணுட் புதைத்தலும் பெரும்பயன் தரும்.

பூசணி, பாகல், வெள்ளரி ஆகிய கொடிகளுக்கு நிலம் முழுவதையும் பண்படுத்த வேண்டியதில்லை. ஒன்றரை அடி அகலமும் ஆழமுமான குழிகள் தோண்டி, மேல்மண்ணும் எருவும் கலந்து நிரப்பி, வாய் சற்றுப் பள்ளமாக இருக்க விடுக. மாரியில் பாத்தி உயர்ந்திருக்க வேண்டும். வேனிலில் அது தாழ்ந்திருக்க வேண்டும்.

நட்டபின் மண்ணைத் திறந்து கிடக்க விடாதீர்கள். வைக்கோல், காய்ந்த புல், நறுக்கிய பனையோலை ஆகியவற்றுள் கிடைத்ததை இரண்டு மூன்று அங்குலத் தடிப்பில் மூடுபடையாகப் பரப்புக. காற்று தூக்காதிருக்க மேலே மட்டைகளை வைக்க.

நீர் விடும் முறை

மணலில் நீரைச் சிறிது சிறிதாக, நாள்தோறும் விட வேண்டும். காலையிலோ மாலையிலோ விடுக. நண்பகலில் வேண்டாம். உப்புச் சேர்ந்த நீரை இலையின் மேற் தெளித்தால் இலை கருகும். வேரடியில் மட்டுமே விடுக.

சொட்டுக் குழாய் வாங்க வசதியுள்ளோர் வடிகட்டியையும் சேர்த்தே வாங்குக. மணலும் சுண்ணமும் சிறு துளைகளை அடைத்துவிடும். வசதியற்றோர்க்கு மண்பானை உண்டு. மெருகிடாத, எட்டுப் பத்து லீற்றர் கொள்ளும் பானையைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவிட்டால், பானையின் சுவர் வழியே நீர் மெல்லக் கசியும். அதனைச் சுற்றி நான்கு கொடிகளை நடலாம். ஒரு சொட்டும் வீணாவதில்லை.

சூரியசக்திப் பம்பி பூட்டியோர்க்கு ஒரு சொல். மண்ணெண்ணெய்ப் பம்பிக்கு எரிபொருட் செலவு உண்டு. அச்செலவே நம்மை நிறுத்தச் சொல்லும். சூரியசக்திப் பம்பி அவ்வாறு சொல்வதில்லை. பொழுது சாயும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே, கணக்கிட்ட அளவுக்கு ஒரு தொட்டி கட்டி, அது நிரம்பியவுடன் பம்பியை நிறுத்துக.

உவரும் பயிர்த் தெரிவும்

நாவால் ருசித்து உவரை மதிப்பிடுதல் போதாது. மின்கடத்துதிறன் மானியே சரியான அளவு தரும். மீற்றருக்கு டெசிசீமன் என்னும் அலகில், 0.7 வரை எல்லா மரக்கறிக்கும் ஏற்ற நீர். 0.7 முதல் 3 வரை கவனத்துடன் பயன்படுத்தத் தக்கது. 3க்கு மேற்பட்ட நீரை மரக்கறிக்கு விடாதிருத்தலே நன்று.

பயிருக்குப் பயிர் தாங்கும் திறன் வேறுபடும். உலக உணவு விவசாய நிறுவனம் 1985இல் வெளியிட்ட நீர்த்தர வழிகாட்டியின்படி, விளைச்சல் குறையாதிருக்க வெங்காயத்திற்கும் முள்ளங்கிக்கும் நீரின் அளவு 0.8ஐத் தாண்டலாகாது, மிளகாய்க்கு 1.0, தக்காளிக்கும் வெள்ளரிக்கும் 1.7, பீற்றூட்டுக்கு 2.7, கௌபிக்கு 3.3. உங்கள் கிணற்று நீர் 1.5 ஆக இருந்தால், சந்தையில் வெங்காயத்திற்கு எவ்வளவு விலை இருப்பினும் அது உங்களுக்குரிய பயிரன்று.

1.5 அளவுள்ள நீரின் ஒவ்வொரு லீற்றரிலும் ஏறத்தாழ ஒரு கிராம் உப்பு உண்டு. நாளொன்றுக்கு 1,700 லீற்றர் விட்டால், நூறு நாட்களில் ஒரு பரப்பிற்கு 170 கிலோகிராம் உப்பை நாமே கொண்டுபோய்ச் சேர்க்கின்றோம். அது மூன்று மூடைக்கும் மேல். இதனைக் கழுவ வல்லது மாரி மழையே. ஆகவே, மழைக்கு முன் காணியைச் சுற்றி வரம்பு கட்டி, மழைநீர் வெளியே ஓடாது மண்ணில் இறங்கச் செய்க. அந்நீரே உப்பைக் கழுவும்; கிணற்றையும் நிரப்பும்.

இலை கருகுவதெல்லாம் நோயன்று. முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் தோட்டம் முழுவதும் ஒரே சீராகக் கருகினால் உவரையே ஐயுறுக. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோன்றின் நோயையோ பூச்சியையோ தேடுக. மருந்துக்குப் பணம் செலவிடுமுன் நீரைச் சோதிக்க.

ஆண்டு ஒழுங்கு

செப்டெம்பரில் எருச் சேர்த்துப் பாத்தி கட்டி, மழை தொடங்கும்போது கத்தரி, மிளகாய் நாற்றுகளை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். ஒக்டோபர் முதல் சனவரி வரை முழுத் தோட்டத்தையும் பயிரிடுக. வெண்டியும் பயிற்றையும் ஏறத்தாழ 50 நாட்களிற் காய்க்கத் தொடங்கும். முதல் ஆண்டில் கைக்குப் பணம் தருபவை இவையே. மாரி ஓய்ந்ததும், மண்ணின் ஈரத்தைக் கொண்டு பூசணியும் வத்தகையும் போடலாம். மேக்குப் பின்னர், கிணற்றை அளந்து கண்ட அளவுக்கு மட்டும் பயிரிட்டு, எஞ்சிய நிலத்தை மூடுபடையுடன் ஆறவிடுக.

கிணற்றைக் காத்தல்

மணலில் இட்ட பசளையும் நிலைத்து நில்லாது. மிகையாக விட்ட நீருடன் கிணற்றுக்கே இறங்கும். யாழ்ப்பாணத்திலும் கற்பிட்டியிலும் கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பது ஆய்வுகளிற் கண்ட உண்மை. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தைக்கு உயிராபத்து நேரலாம். கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. ஆகவே யூரியாவை ஒரே முறையில் இடாது, திணைக்களம் விதந்துரைக்கும் அளவைச் சிறு பங்குகளாகப் பிரித்து இடுக. எருக்கும்பியைக் கிணற்றடியிலிருந்து தொலைவில் வைக்க.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. கிணற்றை ஓகஸ்ட் மாதத்தில் அளந்த பின்னரே தோட்டத்தின் அளவைத் தீர்மானிக்க.
2. நிற்கும் நீரிற் பாதிக்கு மேல் ஒரு நாளும் இறைக்காதீர்கள், கிணற்றை ஆழமாக்காதீர்கள்.
3. தென்மேற்கில் இடைவெளியுள்ள ஆறடி வேலி அமைக்க.
4. போகந்தோறும் எரு இட்டு, எப்போதும் மூடுபடை பரப்புக.
5. நாள்தோறும் சிறிதளவு நீரை வேரடியில் விடுக.
6. நீரின் உவருக்கு ஏற்ற பயிரையே தெரிக.
7. முதல் ஆண்டுத் தோட்டத்திற்கு நகை அடகு வைக்காதீர்கள்.

உங்கள் கிணற்றின் நீர் வேலியோடு நின்று விடுவதில்லை. அடுத்த வளவிற் குடிக்கும் நீரும் அதுவே. கிணற்றை அளப்பதற்கு உதவி வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அழைக்க. அவர் சனவரியில் வந்து நல்ல கிணறு என்று பாராட்டினால், ஓகஸ்டில் மீண்டும் ஒருமுறை வரும்படி கேளுங்கள்.